காதில் விழாத ரீங்காரம்

1972-இல் வெளிவந்த ‘சுயம்வரம்’ படத்துக்காக இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனின் குழு ஊர் ஊராகத் தூக்கிச் சென்ற சாமான்களில் முக்கியமானவை இரண்டு: மிட்செல் கேமரா, நாக்ரா ஒலிப்பதிவுக் கருவி. திருவனந்தபுரத்தில் 1965-இல் தொடங்கப்பட்ட சித்ரலேகா திரைப்படக் கூட்டுறவுச் சங்கத்தின் தயாரிப்பு அது. நடிகர்களின் குரலைப் படப்பிடிப்பு இடத்திலேயே பதிந்த முதல் மலையாளப் படம் என்றும் சொல்வார்கள். அன்றைய வழக்கமோ, படத்தை எடுத்துவிட்டு வசனத்தை ஸ்டுடியோவில் டப்பிங் பேசுவதுதான்.

நாக்ராவை உருவாக்கியவர் போலந்தில் பிறந்து ஸ்விட்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்டெஃபான் குடெல்ஸ்கி. டார்ச் விளக்குக்குப் போடும் பெரிய பேட்டரி 12 போட்டால் மின்சாரம் இல்லாத இடத்திலும் ஓடும், தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

ஆனால் தெளிவாகப் பதிந்தால் மட்டும் போதாது. ஃபிலிமின் ஓரத்தில் துளைகள் உண்டு. பல்சக்கரம் அவற்றைப் பிடித்து நொடிக்கு 24 படங்களாக நகர்த்தும். கால் அங்குல ஒலிநாடாவில் துளை கிடையாது. அது வழுக்கும், நீளும். வேகம் ஒரு சதவீதம் பிசகினாலும் ஒரே நிமிடத்தில் ஒலி 14 படங்கள் விலகிவிடும். உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்றாகிவிடும். கிளாப் பலகையின் ‘டக்’ தொடக்கத்தைத்தான் ஒட்டவைக்கும்; அப்புறம் பிசகாமல் காக்க அதனால் முடியாது.

குடெல்ஸ்கி இதற்குச் சாமர்த்தியமான வழி செய்தார். கேமரா மோட்டாரின் வேகத்துக்கு ஏற்ப எழும் 50 ஹெர்ட்ஸ் சமிக்ஞை, பேச்சு பதியும் அதே நாடாவில் இரண்டு மெல்லிய தடங்களாகப் பதியும். ஒரு தடத்தில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும். அதனால் நாடாவை ஓட்டிக் கேட்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ரீங்காரம் காதில் விழாது. பின்னால் படத்தோடு சேர்க்கும்போது தனி ஹெட் ஒன்று அதைப் படிக்கும். நாடாவின் வேகம் அதற்கேற்பச் சரிசெய்யப்படும். துளையில்லாத நாடாவுக்குக் காந்தத்தால் போட்ட துளைகள் அவை.

குடெல்ஸ்கியின் நிறுவனம் உள்ளங்கையில் அடங்கும் எஸ்.என். என்ற குட்டி நாக்ராவையும் செய்தது. அது அமெரிக்க உளவுத்துறைக்காகப் பிறந்தது. சினிமா வசனம் பதிந்த கைவண்ணமே அரசியல் ரகசியத்தையும் பதிந்தது.

மீண்டும் ‘சுயம்வரம்’ படத்துக்கு வருவோம். அதற்கு இசை எம்.பி. சீனிவாசன். தமிழில் ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்துக்கு இசையமைத்தவர்; இடதுசாரி; சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர்; சேர்ந்திசையை வளர்த்தவர். பாட்டுக்குப் பேர்போன அவர் இசையமைத்த இந்தப் படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. பாட்டில்லாத இடத்தைச் சுற்றுப்புற ஓசைகள் நிரப்பின. சிறந்த படம், இயக்குநர், நடிகை, ஒளிப்பதிவு என நான்கு தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தன. ஒலிக்கு அன்று விருதில்லை. பிறகு ‘எலிப்பத்தாயம்’ படத்துக்காகத்தான் அடூரின் ஒலிப்பதிவாளர் பி. தேவதாஸை ஒலிப்பதிவுக்கான தேசிய விருது தேடி வந்தது.

‘சுயம்வரம்’ பார்க்க வாய்த்தால், கண்ணோடு காதையும் தீட்டிக்கொண்டு உட்காருங்கள்.