பொங்கும் தீக்காப்புப் பூச்சு

பொங்கும் தீக்காப்புப் பூச்சு என்பது, கட்டடங்களின் உருக்குத் தூண்களிலும் உத்திரங்களிலும் பூசப்பட்டு, தீயின் வெப்பம் பட்டதும் பல மடங்கு உப்பி நுரைபோன்ற கரிப்படலமாக மாறும் பூச்சு ஆகும். சாதாரண நாட்களில் இது வண்ணப்பூச்சைப் போலவே தோன்றும். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள பூச்சு, தீயில் சில சென்டிமீட்டர் வரை வளரக்கூடும். தீபாவளிக்குப் பாம்பு மாத்திரை கொளுத்தியவர்களுக்கு இது புதிதன்று. சிறு வில்லையிலிருந்து நீண்ட கரி வெளிவருவதும் ஏறத்தாழ இத்தகைய நிகழ்வே.

தேவை

உருக்கு உருக ஏறத்தாழ 1500 °செ. வெப்பநிலை வேண்டும். எனினும் அதற்கு வெகு முன்னரே அது வலுவிழக்கிறது, 550 °செ. அளவில் அதன் வலிமையில் சுமார் 60 விழுக்காடே எஞ்சும். ஐஎஸ்ஓ 834 என்னும் சோதனைத் தீயின் வெப்பநிலை 30 நிமிடத்தில் 842 °செ. ஆகவும், 60 நிமிடத்தில் 945 °செ. ஆகவும் உயர்கிறது.

காப்பில்லாத உலோகத்தில் வெப்பம் பரவும் விதத்துக்குத் திருவண்ணாமலை மகாதீபம் நல்ல எடுத்துக்காட்டு. கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஏற்றப்படும் இத்தீபம், செப்புக் கொப்பரையில் எரிந்து 11 நாட்கள் காட்சி தருகிறது. செம்பு மிகச் சிறந்த வெப்பக்கடத்தி. உருக்கைப்போல் சுமார் எட்டு மடங்கு கடத்துதிறன் உடையது. உட்புறம் பெறும் வெப்பம் விரைவில் வெளிப்புறத்தை அடைய, அங்கே மலைக்காற்று அதை அகற்றுகிறது. 1085 °செ. வெப்பநிலையில் உருகும் செம்பு அங்கே உருகாமல் நிற்க இதுவும் ஒரு காரணம். தீ சூழ்ந்த அறையில் நிற்கும் தூணுக்கோ குளிர்ந்த புறம் எதுவுமில்லை. எனவே வெப்பம் உள்ளே வருவதையே தாமதப்படுத்த வேண்டியுள்ளது.

செயற்படும் விதம்

பூச்சில் அம்மோனியம் பாலிபாஸ்பேட், பென்டாஎரித்ரிட்டால், மெலமைன் ஆகியன ஒரு பிசினில் கலந்திருக்கும். வெப்பநிலை 200 முதல் 300 °செ. வரை ஏறும்போது பிசின் இளகுகிறது. முதற்பொருள் சிதைந்து அமிலத்தைத் தர, அவ்வமிலம் இரண்டாவதன் நீரை அகற்றிக் கரியாக்குகிறது. மெலமைன் வெளியிடும் வாயு, இளகிய கலவையில் குமிழிகளாகச் சிக்கிக்கொள்கிறது. இவை ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ வேண்டும். வாயு முந்தினால் அது வீணே வெளியேறிவிடும். பிந்தினால் கரி இறுகிவிட்டிருக்கும்.

சுடர் தரும் வெப்பத்தில் ஒரு பகுதி இவ்வேதிவினைகளிலேயே செலவாகிறது. வெளியேறும் வாயுக்களும் சிறிது வெப்பத்தை எடுத்துச் செல்கின்றன. எஞ்சியது கரிச்சுவர்கள் வழியாகவும் குமிழிகளிலுள்ள வாயு வழியாகவும் கடத்தப்படுகிறது. இரண்டும் அரிதிற் கடத்திகள் என்பதால் இப்பாதை மெதுவானது. ஆனால் மற்றொரு பாதையும் உண்டு: குமிழியின் சூடான சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குக் கதிர்வீச்சாக வெப்பம் தாவுகிறது. இது வெப்பநிலையுடன் மிக விரைவாக வளர்வதால், கடுந்தீயில் பெருங்குமிழிகள் கொண்ட நுரை எதிர்பார்த்ததைவிட அதிக வெப்பத்தை விடுகிறது. அதிகம் உப்பிய பூச்சே சிறந்தது என்று கருதுவது சரியன்று. சிறிய, சீரான குமிழிகளே விரும்பத்தக்கவை.

வரம்புகள்

இப்பூச்சு தீயை அணைப்பதில்லை. மக்கள் வெளியேறவும் தீயணைப்பு வீரர்கள் பணியாற்றவும் நேரம் தருகிறது. பொதுவாக 30, 60, 120 நிமிடங்கள் என்றே இது தரப்படுத்தப்படுகிறது. சென்னை தியாகராய நகரில் 2017 மே 31 அன்று தீப்பற்றிய ஏழு மாடித் துணிக்கடைக் கட்டடத்தின் ஒரு பகுதி மறுநாள் அதிகாலையில் இடிந்து விழுந்தது. அத்தனை நீண்ட தீயை இந்த நிமிடக் கணக்கு ஈடுசெய்யாது.

மெல்லிய உருக்கு விரைவில் சூடேறுமாதலால் அதற்குத் தடித்த பூச்சு தேவை. உத்திரத்தின் விளிம்புகளில் கரி வெடித்துப் பிளப்பது வழக்கமான குறைபாடு. அப்பிளவின் வழியே தீ உலோகத்தை நேரடியாகத் தொடும்.