எட்டுக் கால் பூச்சி பாடுகிறது!

ஸ்ரீபெரும்புதூர் என்றால் நம் பாட்டிமார்களுக்கு ராமாநுஜர் அவதரித்த தலம். பேரன் பேத்திகளுக்கோ அது செல்போன் ஊர்! அங்கிருந்து சுங்குவார்சத்திரம் வரையிலும், இந்தப் பக்கம் ஒரகடம் வரையிலும் தொழிற்சாலைகள்தான். விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஜன்னலோரத்தில் தூங்கி வழிந்துகொண்டு எத்தனை இளம் பெண்கள்!

அவர்களில் ஒருத்தியிடம், "ஏம்மா, உனக்குச் செல்போன் செய்யத் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பாள். ஒருத்தி திருகாணி முடுக்குகிறாள். அடுத்தவள் ஸ்பீக்கரைப் பொருத்துகிறாள். இன்னொருத்தி சோதித்துப் பார்க்கிறாள். ஆயிரம் கைகள் சேர்ந்து ஒரு சாமான். முழுவதும் தெரிந்த கை ஒன்றுமில்லை. பெரிய தொழில் என்றால் அப்படித்தான் நடக்கும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் கதவு மூடிவிட்டால்? ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை, 2014 நவம்பர் 1-ந் தேதி நின்றுபோயிற்று. ஆயிரக்கணக்கானவர்கள் வீடு திரும்பினார்கள். ஒரே ஒரு வேலையில் மின்னல் வேகம் காட்டிய விரல்களுக்கு, அந்த வேகத்தை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆகவேதான் சொல்கிறேன், சகோதரிகளே: சின்னதாக இருந்தாலும் ஒரு பொருளை முதலிலிருந்து கடைசி வரை நம் கையாலேயே செய்து பார்த்துவிட வேண்டும். அதனால் உத்தியோகம் கிடைத்துவிடும் என்று நான் ஆசை காட்டவில்லை. கிடைப்பது தைரியம். அதை எந்தக் கேட்டும் மூடி வைக்க முடியாது.

எதைச் செய்வது? பாட்டுக் கேட்கும் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர். இதற்குச் சில நூறு ரூபாய் போதும். சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ரிச்சி தெரு இருக்கிறதே, அங்கே இந்தச் சீட்டை நீட்டுங்கள்: எல்.எம். 386 என்ற சிப் ஒன்று. 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல். 10 ஓம் ரெசிஸ்டர். 220, 100, 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சர்கள் ஒவ்வொன்று, 8 ஓம் ஸ்பீக்கர், ஆறு பென்சில் செல்களும் அவற்றுக்கு ஒரு கூடும், பிரெட்போர்டு ஒன்று, கொஞ்சம் கம்பி.

பிரெட்போர்டு என்றால் ரொட்டிப் பலகை. ரேடியோ புதிதாக வந்த காலத்தில் ஆர்வக்காரர்கள் நிஜமாகவே ரொட்டி நறுக்கும் பலகையில் சாமான்களை அறைந்து பழகினார்களாம். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போதைய பலகையில் வரிசைக்கு ஐந்து துளைகள். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் ஐந்து குடித்தனங்கள் மாதிரி, அந்த ஐந்துக்கும் உள்ளே ஒரே இணைப்பு. ஈயம் உருக்க வேண்டியதில்லை. தப்பாகச் செருகினால் பிடுங்கி மறுபடி செருகலாம்.

சிப்பைப் பாருங்கள். அசல் எட்டுக் கால் பூச்சி! தலைப்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். அதை மேலே வைத்துக்கொண்டால், இடது மேல் கால் 1. இடது பக்கம் கீழே இறங்கி 4 வரை எண்ணுங்கள். பிறகு வலது பக்கம் கீழிருந்து மேலே ஏறி 8. இந்தப் பூச்சியைப் பலகையின் நடுப்பள்ளத்துக்குக் குறுக்கே உட்கார வையுங்கள்.

இனி சமையல் குறிப்பு மாதிரிதான். 2-ம் 4-ம் பேட்டரியின் மைனஸுக்கு. 6 பிளஸுக்கு. வால்யூம் கன்ட்ரோலின் ஒரு ஓரத்தில் பாட்டு வரும் கம்பி. மறு ஓரம் மைனஸ். நடுக்கால் சிப்பின் 3-க்கு. 5-லிருந்து 220 கண்டென்சர் வழியாக ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கரின் இன்னொரு கம்பி மைனஸுக்கு. அதே 5-லிருந்து 0.047 கண்டென்சரையும் 10 ஓம் ரெசிஸ்டரையும் ஒன்றன்பின் ஒன்றாக மைனஸுக்குக் கொண்டுபோங்கள். வீண் ஊளை அடங்கும். 100 கண்டென்சர் 6-க்கும் மைனஸுக்கும் நடுவே. 1, 7, 8 சும்மா இருக்கட்டும். வந்த ஒலி இருபது மடங்காகும். ஓர் அறைக்கு அது தாராளம்.

ஒரு ஜாக்கிரதை. 220-ம் 100-ம் பிளஸ் மைனஸ் பார்க்கிற ஜாதி. மைனஸ் காலின் பக்கம் உடம்பில் கோடு போட்டிருக்கும். 220-இன் பிளஸ் சிப்பின் 5-ஐப் பார்க்க வேண்டும்; 100-இன் பிளஸ் 6-ஐ. தலைகீழாக வைத்தால் உப்பி வெடித்துவிடும். செல்லைக் கடைசியில் போடுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தொட்டுச் சரி பாருங்கள். வீட்டு மின்சாரத்தின் பக்கம் மட்டும் இப்போது போகவே வேண்டாம்!

சத்தம் வரவில்லையா? கண்ணைக் கசக்காதீர்கள். ஒரே ஒரு செல்லை ஸ்பீக்கர் கம்பிகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டப்' என்றால் ஸ்பீக்கர் நல்லது, தப்பு வேறெங்கோ. அதைத் தேடும் நேரத்தில்தான் பாடம் மனசில் பதிகிறது.

பலகையில் பாடிவிட்டால் பிறகு சால்டரிங். அண்டாவுக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் தூவித் தேய்ப்பாரே, நினைவிருக்கிறதா? செம்பின் மேல் படிந்த கசடு போனால்தான் ஈயம் ஒட்டும். சால்டர் கம்பிக்குள் இருக்கும் பிசினுக்கும் அதே வேலைதான். முதலில் உலோகத்தைச் சூடாக்கி, அதன் மேல் கம்பியை உருக்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகையை முகராதீர்கள். சாதாரண சால்டரில் காரீயம் உண்டு. கையை நன்றாகக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

பாட்டுக்கு எங்கே போவது? உங்கள் அலமாரியில் பழைய நோக்கியா ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். இந்தியாவில் செய்தது என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அது ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்களின் கைபட்டது. அதன் காதில் செருகும் கம்பியின் ஒலி இழைகளில் ஒன்றை வால்யூம் கன்ட்ரோலுக்கும், பொது இழையை மைனஸுக்கும் கொடுங்கள்.

ஆயிரம் பேர் சேர்ந்து செய்த அந்தப் போன், நீங்கள் ஒருத்தியாகச் செய்த பெட்டியில் பாடும். "யார் ரிப்பேர் பண்ணினது?" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்காரர் வருவார். உடனே பதில் சொல்லாதீர்கள். பாட்டு முடியட்டும்!