ஸ்டென்ட் பில்லை பாலிசி கட்டிடுச்சு... அதுக்கு அப்புறம்?



போன வருஷம் எங்க அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சாங்க. பில் முழுக்க கேஷ்லெஸ்ல முடிஞ்சது. ஆடிட்டர் புத்தி, பில்லை வரி வரியா பார்த்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில் இருந்த ‘கார்டியாக் ரீஹேப்’ மட்டும் கண்ணில் படவே இல்லை. யாரும் வாயால சொல்லவும் இல்லை. நான் அதைக் கவனிச்சப்போ 70 நாள் ஓடிப்போச்சு.

ரீஹேப் என்றால் வெறும் வாக்கிங் இல்லை. கண்காணிப்போடு உடற்பயிற்சி, சாப்பாடு, மருந்து, புகையை விடுவது, மனசுக்கு ஆலோசனை எல்லாம் சேர்ந்தது. மறுபடி அட்மிட் ஆகும் வாய்ப்பை இது குறைக்கிறது. அமெரிக்காவில் மெடிகேர் பொதுவா 36 செஷன் வரை தருகிறது. அங்கேயே தகுதி உள்ளவர்களில் பாதிப் பேர் கூட சேருவதில்லை.

ஏன் சேருவதில்லை?

1. பயம். “நெஞ்சுவலி வந்த மனுஷன் எக்சர்சைஸ் பண்ணலாமா?” இதைத்தான் எங்க அம்மாவும் கேட்டாங்க.

2. கூட்டிட்டுப் போக ஆள். வாரம் 3 நாள் நம்ம லீவு போகும்.

3. பணம். ஒரு செஷனுக்கு ஆட்டோவோட சேர்த்து 1,000 ரூபாய்னு வெச்சுக்குங்க. 36 செஷனுக்கு 36,000. அட்மிட் ஆகாமல் போய்வருவதால் இது ஓபிடி கணக்கு. பல பாலிசிகளில் ஓபிடி கிடையாது.

ஆனா ஒரு வழி இருக்கு. டிஸ்சார்ஜுக்குப் பிறகு குறிப்பிட்ட நாள் வரை, அதே நோய்க்கான மருத்துவச் செலவை பாலிசி தரும். ஆரோக்ய சஞ்சீவனியில் அது 60 நாள். ரீஹேப் அதில் வருமா என்பது உங்க பாலிசி விதியைப் பொறுத்தது. எங்க பாலிசியிலும் 60 நாள்தான். நான் கேட்கும்போது கதவு மூடியாச்சு. முழுச் செலவும் கைக்காசு.

அதனால டிஸ்சார்ஜ் அன்னைக்கே:

- ரீஹேப் தேவைன்னு டாக்டரிடம் எழுதி வாங்குங்க.
- “இது கவர் ஆகுமா?”ன்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போடுங்க. பதில் எழுத்தில் இருக்கணும்.
- சில செஷன் நேரில், மீதி வீட்டிலிருந்தே செய்யலாமான்னு கேளுங்க. லீவும் ஆட்டோவும் மிச்சம்.
- 60 வயசு தாண்டிய பெற்றோருக்கு ஹெல்த் பாலிசியே இல்லையா? அவங்க மருத்துவச் செலவுக்கு வருமான வரியில் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. பழைய வரி முறையில் மட்டும். பணமா கொடுத்தால் கிடையாது.

அப்பா இப்போ செஷன் போயிட்டு இருக்கார். லேட்தான்.

உங்க பாலிசியில் அது எத்தனை நாள்? இன்னைக்கே எடுத்துப் பாருங்க.