யாங்கோன் பன்மொழிக் கல்வியில் தாய்மொழியும் மாணவர் நலமும்

முன்னுரை

மியான்மர் நாட்டின் யாங்கோன் நகரில் வளரும் தமிழ்க் குழந்தைகள் பலருக்கு இரு பெயர்கள் உண்டு. வீட்டிலும் கோயிலிலும் வழங்குவது தமிழ்ப் பெயர். பள்ளிப் பதிவேட்டில் உள்ளது பர்மியப் பெயர். மொழிகளும் இவ்வாறே இடம் பிரிந்து நிற்கின்றன. அந்நகரின் பன்னாட்டுப் பள்ளிகள் பன்மொழித் திறன், மாணவர் நலம், நற்பண்பு ஆகியவற்றைத் தம் நோக்கங்களாகக் கொள்கின்றன. இம்மூன்றும் சந்திக்கும் இடம் குழந்தையின் வீட்டுமொழியே என்பதையும், அதற்குப் பண்புக் கல்வி வகுப்பில் இடமளிக்க இயலும் என்பதையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்னணி

1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இரங்கூன் மக்கள்தொகை ஏறத்தாழ 4 இலட்சம். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழர், தெலுங்கர், வங்காளியர் முதலிய இந்தியர். 1942இல் போரினால் பல இலட்சம் பேர் வெளியேறினர். 1962இல் அமைந்த இராணுவ ஆட்சியின் தேசியமயக் கொள்கையால் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தமிழகம் திரும்பினர். 1965, 1966ஆம் ஆண்டுகளில் தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. தமிழ்வழிப் பள்ளிகள் மறைந்தன. அதன்பின் தமிழ்க்கல்வியைக் காத்தவை கோயில் மண்டபங்களில் தன்னார்வலர் நடத்திய மாலை வகுப்புகளும் கோடை விடுமுறை வகுப்புகளுமே.

2011ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் பள்ளிகளுக்கு மீண்டும் வழிவகுத்தது. ஆங்கிலவழிப் பள்ளிகள் பெருகின. 2014ஆம் ஆண்டுத் தேசியக் கல்விச் சட்டம் தேசிய இனங்களின் மொழிகளைக் கற்பிக்க இசைவளித்தது. ஆயினும் அரசு ஏற்றுள்ள 135 இனங்களின் பட்டியலில் தமிழர் இல்லை. ஆகவே அச்சட்டத்தின் பயன் தமிழுக்குக் கிட்டவில்லை. இந்நிலையில் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் பள்ளிகளின் பொறுப்பு மிகுகின்றது.

மூன்று மொழிகள் சுமையா?

பர்மியம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழையும் கற்பது சுமை எனப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆனால், பர்மியம் அறிந்த குழந்தைக்குத் தமிழ்த் தொடரமைப்பு அயலானதன்று. இரு மொழிகளிலும் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசையே இயல்பானது. வேற்றுமைப் பொருளை உணர்த்தும் உருபுகள் பெயருக்குப் பின்னரே வருகின்றன. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபடும் இரட்டை வழக்குநிலையும் இரண்டிற்கும் பொதுவானது. பர்மிய எழுத்து வழக்கைப் பயின்ற மாணவரிடம், “நீ வீட்டில் பேசுவது பிழையான தமிழன்று, அது பேச்சுத் தமிழ்” என்று ஆசிரியர் எளிதில் விளக்கலாம். தன் பேச்சு இழிந்தது என்னும் கூச்சம் நீங்குவதே மாணவர் நலத்தின் முதற்படி.

வீட்டுமொழியை விலக்கிவிட்டுப் புதுமொழியை வைப்பதை இழப்பு இருமொழியம் என்றும், அதனைக் காத்துக்கொண்டு புதுமொழியைச் சேர்ப்பதைச் சேர்ப்பு இருமொழியம் என்றும் கனடிய உளவியலறிஞர் வாலஸ் லாம்பர்ட் பாகுபடுத்தினார். முதல் வகையில் குழந்தை இழப்பது சொற்களை மட்டுமன்று. பாட்டியிடம் தன் துயரைச் சொல்லவும், அவர் கூறும் ஆறுதலைப் புரிந்துகொள்ளவும் இயலாமற் போகின்றது.

பண்புக் கல்வியில் பொதுத்தளம்

மியான்மர் அரசுப் பள்ளிகளில் ஒழுக்கமும் குடிமையும் ஒரு பாடமாக உள்ளன. ஒழுக்கத்தைக் குறிக்கும் பர்மியச் சொல் ‘சாரித்த’ என்னும் பாலிச் சொல்லின் வழிவந்தது. ‘நீதி’ என்னும் சொல்லோ தமிழுக்கும் பர்மியத்திற்கும் பொதுவானது. பௌத்த மடப்பள்ளிகளில் ‘லோகநீதி’ பயிலப்பட்டது. தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் ‘ஆத்திசூடி’, ‘கொன்றை வேந்தன்’ போன்ற நீதிநூல்கள் பயிலப்பட்டன. இவற்றை ஒரே வகுப்பில் ஒப்பிட்டுக் கற்பித்தால், தமிழ் மாணவர் தம் மரபை மறைக்க வேண்டியதில்லை. பர்மிய மாணவரும் அண்டை மரபொன்றை அறிவர்.

இதற்கு முன்மாதிரிகள் உள்ளன. சிங்கப்பூர்த் தொடக்கப் பள்ளிகளில் நற்குணமும் குடியியலும் பற்றிய பாடம் தாய்மொழிகளிலேயே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. தமிழ் மாணவர் அதனைத் தமிழிலேயே பயில்கின்றனர். 1968இல் ஜெனிவாவில் தொடங்கப்பெற்ற ஐ.பி. அமைப்பின் பட்டயப் படிப்பில், தம் மொழிக்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லாத நிலையிலும் மாணவர் பள்ளியின் துணையுடன் தாய்மொழி இலக்கியத்தைத் தாமே பயில வழியுண்டு.

முடிவுரை

பன்னாட்டுப் பள்ளிகளின் கட்டணம் பெரும்பாலான யாங்கோன் தமிழ்க் குடும்பங்களுக்கு எட்டாதது. எனவே அப்பள்ளிகளில் மட்டும் தமிழ் இடம்பெறுவது போதாது. கோயில் வகுப்புகளின் தன்னார்வ ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தல், பர்மியத்தின் வழியே தமிழைக் கற்பிக்கும் பாடநூல்களை ஆக்குதல், இருமரபு நீதிநூல்களையும் இணைத்த வாசகம் ஒன்றைத் தொகுத்தல் ஆகிய மூன்றும் தமிழாய்வுலகம் ஏற்கத்தக்க பணிகளாகும். பள்ளிப் பதிவேட்டில் எப்பெயர் இருப்பினும், தன் தமிழ்ப் பெயரை வகுப்பறையில் கூச்சமின்றிச் சொல்லும் நிலையைக் குழந்தைக்கு உருவாக்கித் தருவதே உண்மையான பன்மொழிக் கல்வியாகும்.