கணவாய்க் காற்று – 11: முத்திரைத்தாளில் ஒரு வருஷம்

1809-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் கோட்டைச் சுவரை இங்கிலீஷ்ப் படை ஏறிக் கடந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். இவ்வாரம் யுத்தத்துக்கு விடுமுறை கொடுத்துவிட்டு, 2022-ஆம் வருஷத்து ஆடி மாதத்தில், அதே ஆரல்வாய்மொழியில் ஒரு வீட்டு முற்றத்தில் மாலை ஐந்து மணிக்கு நான் கண்ட சிறு காரியம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முப்பந்தலை நோக்கிக் கணவாய் வழியே பாய்கிற ஆடிக் காற்றில், சுவரில் ஒட்டிய காகிதம் ஒட்டிய இடத்தில் நிற்பதில்லை. ஆகையால், அந்த வீட்டுப் பெண், வாய்ப்பாடு எழுதிய சார்ட்டைத் தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் அரைச் செங்கலைப் பாரமாக வைத்து, பதினெட்டுப் பிள்ளைகளை அதைச் சுற்றி வட்டமாக உட்காரவைத்திருந்தாள். ஆறாவது பிள்ளைக்கு வாய்ப்பாடு தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகவே அவன் அதைச் சரியாக வாசித்தான்.

நோய்த்தொற்றால் பரீட்சையே நடக்காமல் 2021-இல் பிளஸ் டூ தேறிய கூட்டத்தில் அவளும் ஒருத்தி. தகப்பனார் கணக்கு எழுதிய செங்கல் சூளை முடங்கிவிட்டபடியால், அவ்வருஷம் கல்லூரியில் சேர இயலவில்லை. பத்தொன்பது மாதங்கள் பூட்டிக் கிடந்த தொடக்க வகுப்புகளில் பிள்ளைகள் இழந்ததை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27-ஆம் தேதி மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் அவள் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தாள். ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கப் பிளஸ் டூ போதுமாயிருந்தது. தினமும் மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். அப்போது மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை.

என்னைக் கண்டதும் தாயார் சற்றுக் கூச்சத்தோடு சொன்னார்: “சும்மதானே இருக்கா, நாலு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கட்டும்னு விட்டிருக்கோம்.”

அந்தச் ‘சும்மா’தான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது. படிப்புக்கு இடையே தொண்டில் கழியும் வருஷத்தின் விஷயத்தில் மேல்நாட்டாருக்கு ஒரு சௌகரியம் உண்டு. 1958-இல் அலெக் டிக்ஸன் தம்பதி, பள்ளிப் படிப்பு முடிந்த வாலிபர்களைச் சர்வகலாசாலைக்குப் போகுமுன் கானாவுக்கும் சரவாக்குக்கும் தொண்டு செய்ய அனுப்பினார்கள். ஜெர்மனியோ 1964-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் அத்தகைய வருஷத்துக்குப் பெயரும் வைத்து, கைச்செலவுக்குக் காசும் ஏற்பாடு செய்துவிட்டது. அங்கே வாலிபன் வருஷத்தைத் தேர்ந்தெடுக்கிறான். இங்கே பெரும்பாலும் வருஷம் வந்து அவன் தலையில் விழுகிறது.

நம்மிடமும் அத்தகைய வருஷத்தைக் கேட்டவர்கள் இல்லாமற் போகவில்லை. 1974-இல் பாட்னாவில் ஜெயப்பிரகாச நாராயணர், கல்லூரியை ஒரு வருஷம் துறந்து வரும்படி மாணவர்களை அழைத்தார். அதற்கு ஐந்து வருஷம் முந்தி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், வருஷத்துக்கு 120 மணி என்று அளந்து, தொண்டைப் படிப்போடு பின்னிவிட்டது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்து முடிந்த பிறகு அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்பதை நான் இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நாஞ்சில் நாட்டார் இதற்கெல்லாம் பாட்னா வரை போக வேண்டியதும் இல்லை. பக்கத்துப் பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த ஜீவானந்தம், காரைக்குடியை அடுத்த சிராவயலில் ஆசிரமம் அமைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்த நாளில், 1927-இல் காந்தியடிகள் அவரை அங்கேயே வந்து சந்தித்தார். ஜீவாவுக்கு அப்போது வயது 20. அந்த வயதில் பூதப்பாண்டியில் அவரைப் பற்றி எத்தனை பேர் ‘உருப்படாமல் போனான்’ என்று சொல்லியிருப்பார்கள் என்பதை, நம் ஊர்த் திண்ணைகளை அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

முற்றத்துக்குத் திரும்புவோம். வேலிக்கு வெளியே, சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் தங்கையைக் கொண்டுவிட்டுவிட்டுப் போகாமல் நின்றிருந்தான். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் சின்னப் பிள்ளைகளோடு உட்காருவது அவனுக்கு மானக்கேடு; போகச் சொன்னால் நாளைக்கு வரமாட்டான். அவள் வருகைப் பதிவு நோட்டை வேலிக்கு மேலாக நீட்டி, “எலே தம்பி, யாரு வந்தா, யாரு வரல்லைன்னு நீ எழுது. எனக்குக் கை ஒழியல்ல” என்றாள். அவன் எழுத்துக் கூட்டிப் பெயர்களை வாசித்தான். தவறி வாசித்த பெயருக்கு உரிய பிள்ளை எழுந்து திருத்தியது. மூன்றாவது வாரத்தில் அவன் திணறாமல் வாசித்தான் என்றும், தனக்கும் பாடம் நடந்துவிட்டதை அவன் இன்னும் அறியான் என்றும் பின்னால் அவள் சொன்னாள். தர்மசங்கடமான வயதில் இருக்கும் ஒரு பையனை வேலிக்கு உட்புறம் கொண்டுவரும் இந்த உபாயத்தை எந்தப் பயிற்சிக் கையேட்டில் கற்றாள் என்று கேட்டேன். “எனக்க தம்பியும் இப்படித்தான்” என்றாள்.

அவ்வருஷமே நாகர்கோவிலில் அவளுக்குக் கல்லூரி இடம் கிடைத்தது. படிப்பில் ஒரு வருஷம் இடைவெளி விழுந்திருந்தமையால், கேப் சர்டிபிகேட் என்று ஒன்று கேட்டார்கள்: அந்த இடைக்காலத்தில் வேறெங்கும் படிக்கவில்லை என்று முத்திரைத்தாளில் சத்தியம் செய்து, நோட்டரியிடம் கையொப்பம் வாங்கிவர வேண்டும். டைப் அடிப்பவர் வழக்கமான வாசகத்தை அடித்துக்கொண்டே போனார்: எந்தக் கல்வி நிலையத்திலும் பயிலவில்லை, எந்தப் பணியிலும் ஈடுபடவில்லை, வீட்டிலேயே இருந்தேன்.

“அண்ணே, பிள்ளையளுக்குப் பாடம் எடுத்தேன்னு போடலாமா?”

“அதப் போட்டா ஆயிரத்தெட்டுக் கேள்வி வரும் பிள்ளே. சும்மா இருந்தேன்னே இருக்கட்டும்.”

அவள் கையெழுத்துப் போட்டாள். மணி நாலு ஆகியிருந்தது; ஐந்துக்குள் ஆரல்வாய்மொழி போய்ச் சேர வேண்டுமே என்று, மை உலராத தாளை ஊதிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.

(தொடரும்)