பச்சை என்றால் எந்தப் பச்சை? பூவேலை நூலைக் கடைக்குப் போய்ப் பார்த்து வாங்குவதே லாபம்!

"பச்சை நூல் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று மனைவி சொல்லி அனுப்ப, ஆபீஸ் விட்டு வரும் கணவர் கடையில் திருதிருவென்று விழிப்பது, மாலை நேரத்து மேட்சிங் சென்டர்களில் வாடிக்கையான காட்சி.

கிளிப்பச்சையா, ராமர் பச்சையா, பாசிப்பச்சையா, இலைப்பச்சையா?

கடைக்காரர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "துணி எங்கே சார்?"

இப்போது கைப்பேசியில் படம் பார்த்து நூல் வரவழைப்பவர்களும் உண்டு. வீடு தேடி வருகிறது. பஸ் செலவு மிச்சம். ஆனால் திரையில் அரக்காகத் தெரிந்தது, கையில் குங்குமச் சிவப்பாக வந்து நின்றால்? ஒவ்வொரு திரையும் நிறத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டும்.

கூலி போச்சு!

வீட்டில் உட்கார்ந்து கல்யாண ஜாக்கெட்டுக்குப் பூவேலை செய்து குடும்பம் நடத்தும் பெண்கள் நகரில் ஏராளம். அவர்களுக்கு நூல் தேர்வு விளையாட்டு அல்ல, பிழைப்பு.

பல நாள் குனிந்து போட்ட பூ, வியர்வை பட்டோ முதல் சலவையிலோ சாயம் விட்டால் கூலி போச்சு. பட்டுத் துணிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வாடிக்கை அதோடு சரி!

நம்பரில் ஒரு வம்பு

"நம்பர் இருக்கே, அதைச் சொன்னா போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். போதாது.

நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆங்கர் நூலில் கறுப்பு 403. டி.எம்.சி.யில் அதே கறுப்பு 310. டி.எம்.சி. நம்பரை வைத்துக்கொண்டு ஆங்கரில் 310 கேட்டால் பழுப்பு நூல் வந்து சேரும்!

ஒரே கம்பெனி, ஒரே நம்பர் என்றாலும் ஆபத்து உண்டு. இந்தத் தடவை சாயம் போட்ட நூலுக்கும் அடுத்த தடவை போட்டதற்கும் ஒரு நூலிழை வித்தியாசம் வரலாம். பாதி மயிலுக்குப் பிறகு புது நூல்கண்டு வாங்கினால், கழுத்து ஒரு நீலம், தோகை ஒரு நீலம்! எனவே வேலைக்குத் தேவையான நூலை ஒரே நாளில் வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

எவ்வளவு தேவை?

வழக்கமான நூல்கண்டில் 8 மீட்டர் நூல் இருக்கும். அதில் 6 இழை. இரண்டிரண்டு இழையாகப் பிரித்துத் தைத்தால் 24 மீட்டர் கிடைக்கும். ஊசியில் ஒரு முழத்துக்கு மேல் கோக்கக்கூடாது. கோத்தால் சிக்கு விழும். துணியில் ஏறி இறங்கி நூலின் பளபளப்பும் போய்விடும்.

வாசலுக்கு வாருங்கள்

டியூப் லைட்டுக்குக் கீழே பொருந்திய இரண்டு நிறம், வெயிலில் சண்டை போடும். துணியின் சாயம் வேறு, நூலின் சாயம் வேறு என்பதே காரணம். வெளிச்சம் மாறினால் இரண்டும் ஒரே மாதிரி மாறுவதில்லை. துணியையும் நூலையும் கடை வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பதைக் கடைக்காரர்கள் தவறாக நினைப்பதில்லை. ஆபீஸ் முடிந்து இருட்டியபின் வருபவர்கள் சனி, ஞாயிறு பகலுக்கு இந்த வேலையைத் தள்ளிப்போடலாம்.

இன்னொன்று: கட்டாக இருக்கும்போது நூல் கருமையாகத் தெரியும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைத் துணிமேல் வைத்துப் பார்த்தால்தான் தைத்தபின் வரும் நிறம் தெரியும்.

சாயம் போகுமா?

சிவப்பு, அரக்கு, கருநீலம் - இந்த மூன்றிலும் உஷார்! வீட்டுக்கு வந்ததும் சிறு துண்டு நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். கறை ஒட்டினால் அந்த நூல் பட்டுப் பக்கமே போகக்கூடாது.

மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, மயில்கழுத்து, பாடகி எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பெயரில் வழங்கும் எம்.எஸ். ப்ளூ - பெயர் எதைச் சொன்னாலும், பல வருஷம் கல்லாவில் நின்றவர் துணியைப் பார்த்ததுமே சரியான டப்பாவை இழுத்துவிடுவார். அந்தக் கண்ணை எந்தத் திரையும் தராது.

நூலைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையை மட்டும் வேலை முடியும்வரை தூக்கி எறியாதீர்கள். நூல் தீர்ந்துபோனால் கடைக்காரரிடம் காட்ட அதுதான் சாட்சி!