ஊரார் மீட்ட கொட்டகை

லாபம் தராத தொழிலை இழுத்து மூடுவதே முறை என்பது வியாபாரத்தின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பின்மேல் ஓர் ஊரார் அப்பீல் செய்து ஜயித்த வரலாற்றை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஸ்காட்லாந்தின் மேற்கே, கின்டயர் தீபகற்பத்தின் கோடியில் காம்பெல்டவுன் என்ற சிறு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. கிளாஸ்கோ நகரிலிருந்து சாலை வழியே சுமார் 130 மைல். 19-ம் நூற்றாண்டில் விஸ்கி வடிக்கும் ஆலைகள் அங்கே 20-க்கு மேல் இருந்தன. 1934-க்குப் பின் மிஞ்சியவை இரண்டே. ஹெர்ரிங் மீன்பிடி தொழிலும் க்ஷீணித்தது. இன்று ஜனத்தொகை 5,000-க்கும் குறைவு.

அவ்வூர்க் கடலோரத்தில் 1913-ல் திறக்கப்பட்ட 'பிக்சர் ஹவுஸ்' என்னும் சினிமாக் கொட்டகை, 1986-ல் கதவடைத்தது. ஊரார் வாளாவிருக்கவில்லை. தாங்களே ஒரு தர்ம ஸ்தாபனத்தை நிறுவிக் கொட்டகையை ஏற்று, 1989-ல் மீண்டும் திறந்தனர். 2017-ல் சுமார் 35 லட்சம் பவுன் செலவில் பழைய கோலம் கெடாமல் அதைப் புதுப்பித்து, இரண்டாவது திரை ஒன்றும் அமைத்தனர்.

இப்பெருந்தொகை முழுவதும் ஊரார் மடியிலிருந்து வந்ததன்று. பொது நிதிகளும் உதவின. இதை மறைப்பது நேர்மையாகாது. 'கேளிக்கைக்கா பொதுப் பணம்?' என்று சிலர் வினவலாம். கொட்டகை வந்ததால் மூடிய ஆலைகள் திறந்துவிடவில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் நியாயமான ஆக்ஷேபங்களே. ஆயினும், நலிந்த ஊரில் ஜனங்கள் ஒன்றுகூடும் இடங்களும் ஒவ்வொன்றாக மறையுமானால், எஞ்சுவது வீடுகளின் வரிசையேயன்றி ஊர் அன்று. வாலிபர்கள் அங்கே தங்குவதற்கு வேலை மட்டும் போதாது. மாலைப் பொழுதுக்கும் ஓர் இடம் வேண்டும்.

தனி முதலாளியின் கொட்டகையில் கணக்குப் புஸ்தகமே எஜமானன். ஊராருடைய கொட்டகையிலும் கணக்கு உண்டு; நஷ்டம் வந்தால் அவர்களே தாங்கவேண்டும். ஆனால் மூடுவதா, காப்பதா என்று முடிவு செய்யும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கிறது. சுதந்திரம் என்பதன் பொருளும் அதுவே அல்லவா?

ஒன்றை நாம் மறத்தலாகாது. 2017-ல் பெருநிதி உதவியது உண்மை. 1989-ல் கதவைத் திறந்துவைத்த கைகள் இல்லையேல், உதவி வந்து சேருவதற்கு ஒரு வாசலே இருந்திராது. முதல் அடியை ஜனங்களே எடுத்துவைக்கவேண்டும். சர்க்காரின் உதவி அதைப் பின்தொடரலாம், முன்செல்லாது.